வயது ஏற ஏற முகத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம்: முழுமையான வழிகாட்டி

முப்பதைத் தாண்டியதும் பெண்களுக்கென்று விற்கப்படும் பொருள்கள் திடீரென்று பெருகிவிடும். கண்ணுக்கு ஒரு க்ரீம், கழுத்துக்கு இன்னொன்று, காலைக்கு ஒரு சீரம், இரவுக்கு வேறு சீரம். இதில் முக்கால்வாசி இல்லாமலே தோல் நன்றாக இருக்கும். உண்மையில் வேலை செய்பவை நான்கைந்துதான். அவற்றைச் சரியான அளவில், விடாமல், வருடக்கணக்கில் பூச வேண்டும். அதுதான் பெரும்பாலோருக்கு நடப்பதில்லை.

டப்பாவின் முன்பக்கம் ‘ஆன்டி ஏஜிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களில்தான் விஷயம் இருக்கிறது. கீழே உள்ளவற்றை வரிசையாகவே செய்யுங்கள். முதல் மூன்று படிகளைத் தாண்டாமல் ஐந்தாவதற்குத் தாவினால் பணமும் போகும், தோலும் எரியும்.

படி 1: வாங்கும் முன் பாருங்கள்

தோல் மூப்படைவதில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று உடம்பின் கணக்கு. இருபதுகளின் நடுவிலிருந்து தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜன் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. இளமையில் நாலு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் மேல்தோல், வயதாக ஆக மெதுவாகிறது. எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும் எலும்பும்கூடக் கரைகின்றன. இன்னொன்று வெளியிலிருந்து வருவது. வெயிலும் புகையும் அதில் முக்கியமானவை.

உங்கள் கணக்கில் எது அதிகம் என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. கையைத் தூக்கி, அக்குளுக்கு அருகே உள்கையின் தோலைப் பாருங்கள். அப்புறம் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். இடையில் தெரியும் நிறம், புள்ளி, சுருக்கம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வெயிலே காரணம். 2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 69 வயதான ஒருவரின் முகப் படம் வெளியானது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த பாதி முகம் தடித்து, வரிவரியாகத் தொங்க, மறுபாதி பல வருடம் இளமையாகத் தெரிந்தது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் யூவிபி கதிரைக் கண்ணாடி தடுக்கும். யூவிஏ கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

அடுத்து, மேக்கப் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உங்களை உறுத்துவது எது என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். வறட்சியா, திட்டா, மெல்லிய கோடா, தொய்வா, பருவா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வெளிர்நிறத் தோலில் சுருக்கம் முதலில் வரும். மாநிறம், கருநிறத் தோலில் மெலனின் என்ற நிறமி கொஞ்சம் காவல் இருப்பதால் சுருக்கம் தாமதமாகவே வரும். அங்கே வயது முதலில் நிறச் சீரின்மையாகத்தான் தெரியும். ஆனால் விளம்பரங்கள் எல்லாம் சுருக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. திட்டு உள்ளவர் சுருக்க க்ரீம் வாங்கிப் பூசிக்கொண்டிருப்பது இதனால்தான்.

சில மாற்றங்கள் அழகுப் பிரச்சினையே இல்லை. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போல் தடித்துக் கறுத்தால் அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். கண் இமை ஓரம் மஞ்சளாக மெழுகுபோல் படிந்தால் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும். தோல் வறட்சி, முடி உதிர்வு, அசதி மூன்றும் சேர்ந்து வந்தால் தைராய்டு. இவற்றுக்கு க்ரீம் தேடும் முன் ரத்தப் பரிசோதனை.

படி 2: கெடுப்பதை நிறுத்துங்கள்

புதிதாக எதுவும் பூசாமல், கெடுதல் செய்வதை மட்டும் விட்டாலே பல முகங்கள் சில வாரங்களில் தெளிந்துவிடும்.

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது; பிஹெச் 5-க்கு அக்கம்பக்கம். சாதாரண சோப்பின் பிஹெச் 9, 10 வரை போகும். இளம் வயதில் தோல் இதைச் சமாளித்துவிடும். நாற்பதுக்கு மேல் கழுவியபின் முகம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால், சோப்பை விட்டு நுரை குறைந்த ஃபேஸ்வாஷுக்கு மாறுங்கள். காலையில் வெறும் தண்ணீரே போதும் என்றாலும் தவறில்லை.

ஸ்க்ரப், நார், பிரஷ், கரடுமுரடான துண்டு எல்லாம் வெளியே. முகத்தையும் முதுகையும் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு எலும்பு துருத்தும் இடங்களில் கருமை படிவது தோல் மருத்துவர்கள் தினமும் பார்ப்பது. கருமையைப் போக்கத் தேய்க்கிறார்கள், தேய்ப்பதால் கருமை வருகிறது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவுவதும் வேண்டாம். அதில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைக் கொப்புளிக்க வைத்து, ஆறியபின் மாதக்கணக்கில் நிற்கும் தழும்பு நிறத்தை விட்டுப்போகும்.

இந்தப் படியில் உண்மையில் பயப்பட வேண்டியவை இரண்டு. முதலாவது, ஸ்டீராய்டு கலந்த க்ரீம். ‘மூன்றே நாளில் பளிச்’ என்று யாரோ சிபாரிசு செய்து கைமாறும் ட்யூப்களில் பெட்டாமெதசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் இருந்தால் கீழே வையுங்கள். ஸ்டீராய்டு முதலில் நிஜமாகவே முகத்தைப் பளிச்சென்று ஆக்கும், அதுதான் பொறி. சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கி, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும், மறுபடி அதையே பூசத் தோன்றும். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசுபவர் தானாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இரண்டாவது, பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம். உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றிப் பல வருடமாக எச்சரித்து வருகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தமும் இவற்றின் தயாரிப்பைத் தடை செய்யச் சொல்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டப்பாவைத் தொட்ட குழந்தைக்கும் போகும். தயாரித்தவர் பெயரோ, உட்பொருள் பட்டியலோ இல்லாத டப்பா எதுவானாலும் முகத்துக்கு வேண்டாம்.

படி 3: சன்ஸ்க்ரீன்

ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள். மற்றவை எல்லாம் போன நிறத்தை மீட்கப் பார்ப்பவை. இது போகாமல் பார்த்துக்கொள்வது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் தோன்றும்போது பூசிக்கொள்ளலாம். நாலரை வருடம் கழித்து, தினமும் பூசியவர்களின் தோலில் மூப்பின் அடையாளங்கள் 24 சதவீதம் குறைவாக இருந்தன. முடிவுகள் 2013-ல் வெளியாயின. இவ்வளவு பேரை இவ்வளவு நாள் தொடர்ந்து பார்த்த ஆய்வு வேறு எந்த அழகு க்ரீமுக்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

எண்களைப் பார்ப்போம். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்பது பாதுகாப்பு எண். எஸ்பிஎஃப் 15 யூவிபி கதிரில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கிறது, 30 சுமார் 97, 50 சுமார் 98. முப்பதுக்கு மேல் வித்தியாசம் சொற்பம்தான். ஆனாலும் 50 வாங்குங்கள் என்பேன். ஏனென்றால் ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. போட்ட எண்ணின் பலன் வராது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளவாக்கில் பிதுக்கிய அளவு வேண்டும். முதல் தடவை பார்த்தால் அதிகமாகத்தான் தோன்றும். இரண்டு தவணையாகப் பூசினால் ஒட்டிக்கொள்ளும்.

எஸ்பிஎஃப் யூவிபிக்கான எண் மட்டுமே. சுருக்கத்துக்கும் திட்டுக்கும் அதிகப் பொறுப்பு யூவிஏவுக்கு. ஆகவே ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்றோ, வட்டத்துக்குள் யூவிஏ முத்திரையோ, பிஏ என்ற எழுத்துகளுடன் மூன்று நான்கு கூட்டல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

மங்கு என்ற கருந்திட்டு உள்ளவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே, குறிப்பாக அதிலுள்ள நீலப் பகுதி, மாநிற, கருநிறத் தோலில் திட்டைக் கருக்க வைக்கும். வெள்ளை க்ரீமாக இருக்கும் சன்ஸ்க்ரீன் இதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்க்ரீன் தடுக்கும். முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது என்று சன்ஸ்க்ரீனையே வெறுப்பவர்களுக்கும் இதுதான் வழி.

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே மறுபடி பூச வேண்டும். நாள் முழுக்க உள்ளேயே, ஜன்னலைவிட்டுத் தள்ளி இருப்பவருக்குக் காலையில் ஒரு தடவை போதும் என்பது என் எண்ணம். ஃபவுண்டேஷனில் எஸ்பிஎஃப் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த அளவு பலன் கிடைக்க ஃபவுண்டேஷனை அப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். காது, பிடரி, புறங்கை, உதடு ஆகியவற்றை மறக்க வேண்டாம். குடையும் அகலத் தொப்பியும் எந்த சன்ஸ்க்ரீனுக்கும் குறைந்தவை அல்ல. வைட்டமின் டி குறைந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் ரத்தத்தில் அளவைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். அதற்காக முகத்தைக் காய வைக்க வேண்டியதில்லை.

படி 4: மாய்ஸ்சரைசர்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. க்ளிசரின், செராமைடு, ஹயலுரானிக் ஆசிட், யூரியா, பெட்ரோலியம் ஜெல்லி: இவற்றில் இரண்டு மூன்று இருந்து, வாசனைத் திரவியம் இல்லாமல் இருந்தால் போதும். விலைக்கும் பலனுக்கும் தொடர்பு மிகக் குறைவு. முகம் கழுவி ஈரம் காயும் முன் பூசுங்கள். கண்ணுக்கென்று தனி க்ரீம் வேண்டாம். முகத்துக்குப் பூசுவதையே கண்ணைச் சுற்றியும் மெல்லத் தொட்டு வைக்கலாம். கொலாஜன் க்ரீமில் உள்ள மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. மேலே நின்று ஈரம் காக்கும், அவ்வளவுதான். கரைத்துக் குடிக்கும் கொலாஜன் பொடிக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகளில் பல, அதை விற்பவர்கள் பணத்தில் நடந்தவை. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

படி 5: இரவுக்கு ஒரே ஒரு மருந்து

சுருக்கம், சொரசொரப்பு, திட்டு, பரு நான்கிலும் கைவைக்கும் ஒரே குடும்பம் வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாய்டுகள். இவற்றில் ட்ரெட்டினாயின் 1971-ல் அமெரிக்காவில் பருவுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. அதைப் பூசிய நடுத்தர வயதுப் பெண்களின் முகம் வழுவழுப்பாவதைக் கவனித்த ஃபிலடெல்ஃபியா தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் 1986-ல் அதன் மூப்பு எதிர்ப்பு பலனைப் பற்றி எழுதினார். (இதே க்ளிக்மன் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் வருடக்கணக்கில் செய்த தோல் பரிசோதனைகள் மருத்துவ வரலாற்றின் அசிங்கமான பக்கங்களில் ஒன்று.)

கடையில் கிடைக்கும் ரெட்டினால், தோலுக்குள் போய் இரண்டு கட்டமாக மாறித்தான் வேலை செய்யும். அதனால் பலன் மெது, எரிச்சலும் குறைவு. ட்ரெட்டினாயின் நேரடியாக வேலை செய்யும். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். அடாபலீன் இடையில் நிற்பது, பருவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஏற்றது. ரெட்டினால் 0.1-லிருந்து 0.3 சதவீதத்துக்குள் தொடங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதி முகப் பொருள்களில் 0.3 சதவீதத்தையே உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. 1 சதவீதம் என்று பெருமையாகப் போட்டு விற்பதைத் தேடி ஓட வேண்டியதில்லை.

தொடங்கும் முறைதான் இதில் எல்லாமே. இரவு முகம் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு போதும். நெற்றி, இரண்டு கன்னம், மோவாய் என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். கண் இமை, மூக்கின் ஓரம், வாயின் ஓரம் தவிர்க்கவும். மேலே மாய்ஸ்சரைசர். எரிச்சல் சுபாவமுள்ள தோலானால் முதலில் மாய்ஸ்சரைசர், நடுவில் ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர். வாரத்துக்கு இரண்டு இரவு என்று இரண்டு மூன்று வாரம், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள், தாங்கினால் தினமும். தினமும் முடியாவிட்டால் வாரம் மூன்று நாளிலேயே நிற்கலாம்.

முதல் மாதம் தோல் உரியும், சிவக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு அழுத்திப் பூசுவது வீரம் இல்லை. மாநிறத் தோலில் ஒவ்வொரு எரிச்சலும் ஒரு கருமையை விட்டுச்செல்லும். எரிந்தால் நிறுத்தி, ஆறியபின் பாதி வேகத்தில் தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு முன் கண்ணாடியில் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். கோடுகள் மங்க ஆறு மாதமாவது ஆகும். புருவம் திருத்தவோ வேக்ஸிங் செய்யவோ போவதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் முடியோடு தோலும் வரும். அதே இரவில் தோலை உரிக்கும் க்ளைகாலிக் ஆசிட் போன்றவற்றைச் சேர்க்க வேண்டாம்.

கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்தையே தொடக்கூடாது. அவர்களுக்கு அசலெயிக் ஆசிட் இருக்கிறது. பகுச்சியால் என்ற தாவரப் பொருளை மாற்றாகச் சொல்கிறார்கள். ரெட்டினாலோடு ஒப்பிட்ட ஆய்வு நன்றாகத்தான் வந்தது, ஆனால் அதில் இருந்தவர்கள் 44 பேர், பார்த்தது 12 வாரம். நம்பிக்கை தருகிறது, அதற்குமேல் சொல்ல முடியாது.

படி 6: திட்டும் கருமையும்

முதலில் எந்த வகை என்று தெரிய வேண்டும். இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டுக்கு மேலும் சமச்சீராகப் படர்ந்தால் மங்கு. வெயிலும் ஹார்மோனும் சேர்ந்து செய்வது. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் கிளம்பும். பருவோ காயமோ இருந்த இடத்தில் மட்டும் இருந்தால் அது வடு நிறம், நேரம் கொடுத்தால் பெரும்பாலும் தானே மங்கும். புறங்கையிலும் கன்ன எலும்பிலும் தெளிவான விளிம்புடன் தட்டையாக இருப்பது வெயில் புள்ளி.

வெளியே வாங்கக்கூடியவற்றில் நியாசினமைடு 4, 5 சதவீதம். அசலெயிக் ஆசிட் 10 சதவீதம். வைட்டமின் சி 10 முதல் 20 சதவீதம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் கொடுங்கள். வைட்டமின் சி சீரம் பழுப்பாகிவிட்டால் கெட்டுவிட்டது என்று பொருள்; தூக்கிப் போடுங்கள். மருத்துவர் கையில் ஹைட்ரோகுவினோன் இருக்கிறது. நன்றாக வேலை செய்யும். ஆனால் சில மாதம் பூசி நிறுத்த வேண்டிய மருந்து அது. வருடக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் நீலக் கருமையாகித் திரும்பாமலே போயிருக்கிறது. ஐரோப்பாவில் அழகுப் பொருள்களில் இது 2001-லிருந்தே தடை. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை மங்குக்குப் பலன் தரும், ஆனால் ரத்தம் உறைவதைக் கூட்டக்கூடியது. கால் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி வந்தவர்கள், புகைப்பவர்கள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மங்கு குணமாவதில்லை, அடங்கும். ஒரு வாரம் சன்ஸ்க்ரீனை விட்டால் திரும்பி வரும். அடுப்புச் சூடு, நீராவிக் குளியல் போன்ற வெப்பமும் அதைக் கிளப்பும். எடுத்த எடுப்பில் லேசர் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள், மங்கு லேசருக்குப் பின் முன்னைவிடக் கறுத்த கதைகள் நிறைய.

திட்டைப் போக்குவது வேறு, பிறந்த நிறத்தை மாற்றுவது வேறு. இரண்டாவதற்குப் பாதுகாப்பான வழி கிடையாது. க்ளூட்டாதியோன் ஊசி பிரபலமாக இருக்கலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தோல் வெளுப்புக்காக எந்த ஊசிக்கும் அனுமதி தந்ததில்லை.

படி 7: மாதவிடாய் நிற்கும் காலம்

பெரும்பாலோருக்கு 45-லிருந்து 55-க்குள். அதுவரை மெதுவாக நடந்துகொண்டிருந்த மாற்றம் இங்கே வேகமெடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் போய்விடும் என்று அளந்திருக்கிறார்கள். நேற்றுவரை ஒத்துக்கொண்ட ஃபேஸ்வாஷ் இன்று எரிவதும், உடம்பெல்லாம் காரணமின்றி அரிப்பதும், பதினெட்டு வயதில் வந்த பரு மறுபடி மோவாயில் வருவதும் எல்லாம் இந்தக் கணக்குத்தான். பயப்பட வேண்டாம், பழக்கத்தை மாற்றுங்கள். ரெட்டினால் நாள்களைக் குறைத்து, கெட்டியான மாய்ஸ்சரைசருக்குப் போங்கள். குளிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஹார்மோன் சிகிச்சை தோலுக்கும் கொஞ்சம் உதவும். ஆனால் தோலுக்காக மட்டும் அதைத் தொடங்குவது சரியில்லை. மற்றத் தொந்தரவுகளையும் வைத்து மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

மோவாயில் முரட்டு முடி முளைப்பது பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, வராதவர்கள்தான் குறைவு. பிடுங்கலாம், நூல் போட்டு எடுக்கலாம், மழிக்கவும் செய்யலாம். மழித்தால் தடித்து வளரும் என்பது உண்மை இல்லை. லேசரில் எடுக்க நினைத்தால் முடி கறுப்பாக இருக்கும்போதே எடுங்கள். லேசர் நிறத்தைத்தான் பிடிக்கும், நரைத்த முடியில் வேலை செய்யாது, அப்புறம் முடியின் வேரை மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான். முடி சில மாதத்தில் வேகமாகப் பரவி, குரலும் கட்டையானால் ஹார்மோன் பரிசோதனை அவசியம்.

தலையில் வகிடு அகலமாகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். உதிர்வு கூடினால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தைராய்டும் முதலில். பெண்களுக்கான வழுக்கை என்று உறுதியானால் முடி வளர்க்கும் மருந்தான மினாக்சிடில். முதல் சில வாரம் உதிர்வு கூடும். அதைப் பார்த்து மிரண்டு நிறுத்துபவர்களே அதிகம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் போகும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை குறைபாடு இல்லாதவருக்கு உதவுவதாக நல்ல ஆதாரம் இல்லை. அதோடு அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தப்பாகக் காட்ட வைக்கும். எஃப்டிஏ 2017-ல் இதை எச்சரித்தது. எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

படி 8: ஊசியும் லேசரும்

செய்துகொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். இரண்டுக்கும் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. செய்வதானால் எது எதற்கு என்று தெரிந்து போங்கள்.

போட்டுலினம் டாக்சின், அதாவது போடாக்ஸ் வகை ஊசி, முகத்தை அசைக்கும்போது விழும் கோடுகளுக்கு. புருவ நடுவில் விழும் கோடுகளுக்கு எஃப்டிஏ அனுமதி 2002-ல் வந்தது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம். மூன்று நான்கு மாதம் நிற்கும். ஃபில்லர் குழிந்த இடத்தை நிரப்ப. ஹயலுரானிக் ஆசிட் ஃபில்லரில் ஒரு வசதி, ஹயலுரானிடேஸ் என்ற நொதியைப் போட்டால் கரைந்துவிடும். ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகக் கண் பார்வையே போகலாம். எனவே ஊசி போடுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘கரைக்கும் மருந்து இங்கேயே இருக்கிறதா?’ என்பதுதான். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அழகு நிலையத்திலோ யார் வீட்டிலோ இந்த ஊசிகள் வேண்டவே வேண்டாம்.

லேசரும், ஆசிட் பூசித் தோலை உரிக்கும் பீலும் மாநிற, கருநிறத் தோலில் கருமையை விட்டுச்செல்லும் அபாயம் அதிகம். முடி நீக்க 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் இத்தகைய தோலுக்குப் பாதுகாப்பானது. ‘என் நிறத்தில் உள்ளவர்களுக்குச் செய்த படங்கள் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். விசேஷத்துக்கு முந்தின வாரம் எதையும் புதிதாகச் செய்யாதீர்கள். ஒரு மாத இடைவெளியாவது வேண்டும்.

படி 9: நரை

டையில் பிரச்சினை பெரும்பாலும் பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாராஃபினைலின்டைஅமைன். ‘அமோனியா இல்லை’ என்பதற்கு ‘பிபிடி இல்லை’ என்று அர்த்தம் கிடையாது. கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடியிலும் இருக்கலாம். இருபது வருடம் ஒத்துக்கொண்ட டை இருபத்தோராவது வருடம் இமை வீங்க வைக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தொட்டுப் பாருங்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ‘கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்போம்’ என்பது கூடாது, அடுத்தது இன்னும் மோசமாக வரும். நெற்றி ஓரத்திலும் கன்னத்திலும் சாம்பல் கருமை படிந்தால் அதற்கும் டை காரணமாக இருக்கலாம்.

டையை விட நினைப்பவர்களுக்கு: முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். தோள்வரை முடி என்றால் முழுக்க மாற இரண்டு வருடத்துக்கு மேல். குட்டையாக வெட்டிக்கொண்டால் சீக்கிரம் முடியும். இல்லையென்றால் நரையும் கறுப்பும் கலந்து தெரியும்படி இடையிடையே சாயம் போட்டு எல்லைக்கோட்டை மறைக்கலாம். நரைமுடி வறண்டு முரடாக இருக்கும். கண்டிஷனர் கூட்டினால் அடங்கும்.

மேக்கப்பில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். பவுடரைக் குறைத்து க்ரீம் வகைக்குப் போங்கள், பவுடர் கோடுகளில் போய் உட்கார்ந்து அவற்றையே காட்டிக்கொடுக்கும். மஸ்காராவை மூன்று மாதத்தில் மாற்றுங்கள். டப்பாவில் திறந்த மூடி படத்துக்குள் 6 அல்லது 12 என்று இருப்பது, திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு.

படி 10: மாதம் ஒருமுறை முழு உடம்பும்

வயதாகும்போது உடம்பில் புதிதாக நிறைய முளைக்கும். கழுத்துப் பாலுண்ணியும், கன்னத்தில் மிளகு தூவியதுபோல் வரும் சிறு கரும்புள்ளிகளும் தீங்கில்லாதவை. வேண்டாமென்றால் மருத்துவர் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். நூல் கட்டுவதும் ஆசிட் வைப்பதும் தழும்பில் முடியும். கவனிக்க வேண்டியது வேறு: இரு பாதியும் ஒத்திராத மச்சம், விளிம்பு சிதறியது, பல நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது, எல்லாவற்றுக்கும் மேலாக, மாறிக்கொண்டே இருப்பது. இவை மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். கருநிறத் தோலில் அது அபூர்வம், வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற யாரும் பார்க்காத இடத்தில்தான் அதிகம் வரும். ஆகவே பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், நெயில் பாலிஷ் இல்லாமல் நகத்தைப் பாருங்கள். ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, ஒரு புண் நாலைந்து வாரமாகியும் ஆறாவிட்டாலோ, படம் எடுத்துத் தேதி குறித்துக்கொண்டு அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.